பாயிரமும் மதிப்புரையும்: துப்பாக்கி இதழ்களில் விளம்பரத்தின் செல்வாக்கு

தமிழ் மரபில் ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வழங்குதல் பழைய வழக்கம். நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது எனக் கருதிய பவணந்தி முனிவர், அப்பணியை அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வர்க்கு உரியதென நன்னூலில் வகுத்துரைத்தார். நால்வரும் நூலாசிரியனுக்கு நெருங்கியவர்கள். அவர்கள் உரைப்பது புகழுரையே என்பதைக் கற்போர் முன்னரே அறிவர். ஆகவே பாயிரத்தால் ஏமாறுவோர் இலர்.

மதிப்புரை அத்தகையதன்று. அதை எழுதுவோன் பொருளைச் செய்தவன் பக்கத்தில் நிற்பவன் அல்லன். காசு கொடுத்து வாங்கப் போகிறவன் பக்கத்தில் நிற்பவன். குணமும் குற்றமும் நாடி, மிகுதியானதை எடுத்துரைப்பது அவன் கடமை. ஒரு புகழுரை மதிப்புரை என்னும் பெயரைச் சூடிக்கொண்டு வருமாயின், அங்கே பிழை புகழ்ச்சியில் இல்லை, பெயரில் இருக்கிறது.

இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு ஏற்றதொரு களம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிவரும் துப்பாக்கி இதழ்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைமுறையில் உள்ள மலேசியாவில் துப்பாக்கி இதழைப் பார்த்துத் துப்பாக்கி வாங்கப் போகும் தமிழ் மாணவன் இலன். அதனாலேயே இக்களம் பயன் மிக்கது. தனக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாத பொருளில்தான் நடுவுநிலை பிறழ்வதை ஒருவன் தெளிந்த கண்ணால் காண முடியும்.

இதழும் அதன் வருவாயும்

1958இல் தொடங்கப்பெற்ற கன்ஸ் அண்டு அம்மோ முதலிய திங்களிதழ்கள் இரு வழிகளில் வருவாய் பெறுகின்றன. ஒன்று வாசகர் செலுத்தும் சந்தா, மற்றொன்று விளம்பரம். அவ்விளம்பரங்களைத் தருவோர் துப்பாக்கி செய்வோர், தோட்டா செய்வோர், குறிநோக்கி செய்வோர், உறை செய்வோர் ஆகியோரே. அனைவரும் ஒரே தொழிலைச் சார்ந்தவர்கள். அவர்கள் செய்யும் பொருள்களையே இதழ் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

மதிப்புரைக்கு வேண்டிய துப்பாக்கியும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே இரவலாக வருகிறது. புதிய வகைகளை எழுத்தாளர் சுட்டுப் பார்ப்பதற்கென நிறுவனங்கள் விருந்தோம்பலுடன் கூடிய நிகழ்ச்சிகளையும் நடத்துகின்றன. 1979இல் செயிண்ட் லூயிஸ் நகரில் முதன்முறையாக நடைபெற்றதும், இன்று ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் கூடுவதுமாகிய ஷாட் ஷோ எனும் வணிகக் கண்காட்சியில் இதழாளரும் வணிகரும் ஒருங்கே சந்திக்கின்றனர். எழுதுவோர் பலர் கட்டுரைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோர். அடுத்த துப்பாக்கி கைக்கு வாராவிடின் அடுத்த கட்டுரையும் இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. செஞ்சோற்றுக் கடன் தமிழர் போற்றிய அறம். ஆனால், இரு வீட்டுச் சோற்றை உண்பவன் இரு வீட்டிற்கும் கடன்பட்டவன் ஆகிறான். வாசகன் கொடுத்த காசும் விளம்பரதாரர் கொடுத்த காசும் ஒரே கைக்கு வரும்போது, எந்தக் கடன் முதற்கண் தீர்க்கப்படும் என்பதே இங்கு வினா.

ஒரு நாளிதழின் நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 2005ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் டான் நீல் என்பார் போண்டியாக் ஜி6 எனும் காரைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார். அவர் அதற்கு முந்திய ஆண்டில் திறனாய்வுக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சினந்து தன் விளம்பரங்களை நிறுத்தியது. நாளிதழோ எழுத்தாளரை நீக்கவில்லை. சில திங்கள்களில் நிறுவனமே மீண்டும் வந்தது. கார், துணி, மளிகை, திரைப்படம் எனப் பல வீட்டு விளம்பரத்தால் வாழும் நாளிதழுக்கு ஒரு வீட்டின் கதவு அடைபட்டால் பட்டினி இல்லை. துப்பாக்கி இதழுக்கோ இருப்பது ஒரு தெருவே. அத்தெருவில் இரண்டு கதவுகள் அடைபட்டாலும் அடுப்பு எரியாது.

ஒறுக்கப்பட்ட இருவர்

விளம்பரதாரரின் வன்மை எத்தகையது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகின்றன. ஜிம் சம்போ என்பவர் அவுட்டோர் லைஃப் இதழில் நெடுங்காலம் வேட்டை பற்றி எழுதி வந்தவர். 2007 பிப்ரவரியில், படைத்துறைத் துப்பாக்கியின் தோற்றம் கொண்ட ஏஆர் வகைத் துப்பாக்கிகளுக்கு வேட்டையில் இடமில்லை என்று அவர் கடுஞ்சொல்லால் எழுதினார். வாசகர் கொதித்தெழுந்தனர். சில நாள்களுக்குள் ரெமிங்டன் நிறுவனம் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. இதழுடன் அவருக்கிருந்த தொடர்பும் முடிவுற்றது.

டிக் மெட்காஃப் என்பவர் கன்ஸ் அண்டு அம்மோவின் 2013 டிசம்பர் இதழில், அரசமைப்பு தரும் உரிமைகள் யாவும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவையே என்னும் கருத்தை முன்வைத்தார். இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல விரும்புவோர் 16 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்பது உரிமைக்குக் கேடன்று எனவும் எழுதினார். வாசகரின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. இரண்டு பெரிய துப்பாக்கி நிறுவனங்கள், அவர் நீடித்தால் தாங்கள் வணிகம் செய்வதற்கில்லை என்று பதிப்பகத்தாருக்குத் தெரிவித்ததாக மெட்காஃப் பின்னர்க் கூறினார். அவர் விலக்கப்பட்டார். இதழாசிரியர் வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுத் தாமும் பதவி விலகினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கண்டு, துப்பாக்கி மதிப்புரைகள் அனைத்தும் விலைக்கு வாங்கப்பட்டவை என்று முடிவு கட்டுதல் தவறு. இருவரும் ஒறுக்கப்பட்டது கருத்துரைக்காக. பொருள் மதிப்புரைக்காக அன்று. மேலும், விளம்பரதாரரோடு வாசகரும் சேர்ந்தே அவர்களை விலக்கினர். தான் வாங்கிய பொருளைப் பிறர் புகழக் கேட்க விரும்பும் வாசகனும் நடுவுநிலைக்கு இடையூறாகின்றான் என்பது மறைக்கத்தக்கதன்று. ஆயினும் ஒன்று உறுதியாகிறது. நெடுநாள் புகழ் பெற்ற எழுத்தாளரே சில நாள்களில் வீழ்வர் எனில், கட்டுரைக் கூலியை நம்பி வாழும் இளையவர் எழுதுகோலை எடுக்கும்போதே எல்லையை அறிந்திருப்பர். அவரிடம் எவரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அளந்து கண்ட சான்றுகள்

விளம்பரம் மதிப்பீட்டை மாற்றுகிறதா என்பதைப் பிற துறைகளில் அறிஞர் அளந்து பார்த்துள்ளனர். ஜொனதன் ரூட்டர், எரிக் சிட்சவிட்ஸ் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, முதலீட்டு நிதிகளைப் பரிந்துரைக்கும் இதழ்களைப் பற்றியது. தனிமனிதர் நிதி பற்றிய மூன்று திங்களிதழ்களில், முன்னர் விளம்பரம் தந்த நிறுவனங்களின் நிதிகளே பரிந்துரை பெறும் வாய்ப்பு மிகுந்திருந்தது. இரண்டு தேசிய நாளிதழ்களில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

ரூட்டர் 2009இல் திராட்சை மதுவுக்கு இதழ்கள் வழங்கும் மதிப்பெண்களை ஆராய்ந்தார். விளம்பரம் ஏற்கும் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழின் மதிப்பெண்களை, விளம்பரம் ஏற்காத ஒயின் அட்வகேட் இதழின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டார். நூறு வரை செல்லும் அளவையில் விளம்பரதாரர்க்குக் கிடைத்த மிகுதி ஒரு புள்ளிக்கும் குறைவே. புட்டியின் பெயரை மறைத்துச் சுவைக்கும் முறை தனது என்று ஸ்பெக்டேட்டர் கூறி வந்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒரே தொழிலின் விளம்பரத்தைச் சார்ந்திருக்கும் இதழ் எளிதில் சாய்கிறது. பல தொழில்களின் விளம்பரத்தைப் பெறும் இதழ் அவ்வளவாகச் சாய்வதில்லை. செய்தவர் யாரென அறியாது மதிப்பிடும் முறை இருப்பின் சாய்வு குறையும். துப்பாக்கி இதழில் இவ்விரு பாதுகாப்பும் இல்லை. துப்பாக்கியின் பெயர் அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

சொல்லாமல் விடுவது

அவ்வாறாயின் அம்மதிப்புரைகள் பொய் சொல்லுகின்றனவா? பெரும்பாலும் இல்லை. அவை தரும் எண்கள் மெய்யாக அளந்தவையே. விசையை இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும், 25 கஜத் தொலைவில் ஐந்து குண்டுகள் எத்தனை அங்குல வட்டத்துள் பதிந்தன என்பன அட்டவணையில் இடம்பெறும். ஆனால், அதே விலையுடைய வேறொரு நிறுவனத்தின் துப்பாக்கி அதே நாளில் அதே தோட்டாவால் எவ்வளவு கண்டது என்பது அருகில் இராது. ஒப்பீடில்லாத எண் உயரத்தைச் சொல்லும், உயர்வைச் சொல்லாது.

குறையைக் கூறும் நடையும் நோக்கத்தக்கது. துப்பாக்கி இடையில் சிக்கி நின்றால், குற்றம் தோட்டாவின் மேல் ஏற்றப்படும். விசை கடினமாயின், பழகப் பழக இளகும் என்று ஆறுதல் கூறப்படும். மோசமான துப்பாக்கிகளைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்குவதில்லை, நல்லவற்றையே வெளியிடுகிறோம் என்று சில இதழாசிரியர் கூறுவர். இது நேர்மையான விடைபோல் தோன்றினும், விலக்கப்பட்டவை எவை என்பதை வாசகன் அறிய வழியில்லை. தேர்வில் தோற்றவரின் பெயரை வெளியிடாத பள்ளியில் தேர்ச்சி பெற்றவரின் எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு?

சிக் சாவர் பி320 எனும் கைத்துப்பாக்கி 2014இல் விற்பனைக்கு வந்தது. இதழ்களில் பாராட்டும் பெற்றது. 2017 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை அதன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் தரையில் விழும்போது அது தானே வெடிக்கக்கூடும் என்பதைத் துப்பாக்கிக் கடை ஒன்று சோதனை செய்து வெளியிட்டது. தன் துப்பாக்கி உரிய பாதுகாப்புத் தரங்களை நிறைவு செய்வது என்று கூறிய நிறுவனம், விற்றவற்றைத் திரும்பப் பெற்று மேம்படுத்தித் தரும் திட்டத்தையும் அறிவித்தது. விளம்பரத்துக்கு அஞ்சி இதழ்கள் இதனை மறைத்தன என்று கூறுவதற்கில்லை. இரவல் பெற்ற துப்பாக்கியைத் தரையில் போட்டுப் பார்ப்பது வழக்கமான மதிப்புரையின் பகுதியன்று. எந்தச் சோதனையைச் செய்வது என்னும் வழக்கம் பொருளை விற்போரின் துணையோடு உருவாகும்போது, உயிர் காக்கும் சோதனை விடுபட்டுப் போகலாம் என்பதே இதன் படிப்பினை.

மாற்று வழி

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1936இல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் விளம்பரம் ஏற்பதில்லை. பொருள்களைத் தன் பெயர் சொல்லாமல் கடையில் விலை கொடுத்து வாங்கியே சோதிக்கிறது. துப்பாக்கித் துறையிலும் கன் டெஸ்ட்ஸ் என்னும் இதழ் அத்துறை விளம்பரங்களை ஏற்காமல், ஒத்த வகைத் துப்பாக்கிகளை அருகருகே வைத்துச் சோதித்துத் தர எழுத்துகளை வழங்கி வருகிறது. இத்தகைய இதழுக்கு வாசகன் முழு விலையையும் தானே செலுத்த வேண்டும். மலிவான இதழை விரும்பும் வாசகன், மீதி விலையை வேறொருவர் செலுத்துகிறார் என்பதை மறக்கலாகாது.

மாணவர்க்குரிய பாடம்

மதிப்புரை எதைப் படிப்பினும் மாணவன் நான்கு வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். இப்பொருள் எழுதியவன் கைக்கு எவ்வாறு வந்தது? இவ்விதழ் எவர் பணத்தால் நடக்கிறது? எதனோடு ஒப்பிடப்பட்டது? இவ்விதழ் எப்போதேனும் எதையேனும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறதா? நான்காம் வினாவுக்கு விடை இல்லை எனின், அங்கே நடப்பது பாயிரம், மதிப்புரை அன்று.

இவ்வினாக்கள் துப்பாக்கிக்கு மட்டும் உரியன அல்ல. ஆசிரியர் ஒருவர் தம் நண்பரின் நூலைப் பற்றி மேடையில் பேசும்போதும், இலவசமாகப் பெற்ற நூலுக்கு இதழில் உரை எழுதும்போதும் இவை பொருந்தும். நண்பரின் நூலுக்குப் பாயிரம் எழுதுதல் குற்றமன்று. அதனைப் பாயிரம் என்றே சொல்லி எழுதுதல் வேண்டும். அவ்வாறு சொல்லும் துணிவை வகுப்பறையில் மாணவர்க்கு ஊட்டுவது தமிழாசிரியர் கையில் இருக்கிறது.