காசு தந்த கைகளும் காட்சியான கண்களும்

அமெரிக்காவின் ஒமாகா நகரில், 1898 சூன் முதல் அக்டோபர் வரை மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கேயுள்ள மாநிலங்களின் வளத்தை உலகுக்குக் காட்ட எழுந்த விழா அது. வந்து கண்டோர் ஏறத்தாழ 26 இலட்சம்! அங்கே நின்ற வெண்மாளிகைகளுக்கிடையே சிறுமியர்க்கும் சிறுவர்க்குமென ஒரு கட்டடமும் இருந்தது. கோமான் ஈந்த கொடையன்று அது. பள்ளிப் பிள்ளைகள் தந்த சில்லறைக் காசில் எழுந்தது.

1893ஆம் ஆண்டுச் சிக்காகோ கண்காட்சியிலும் குழந்தைகட்கு இல்லம் ஒன்று இருந்தது. கைக்குழந்தையை அங்கே ஒப்படைத்துவிட்டுத் தாய்மார் காட்சிகளைக் கண்டுவரலாம். நல்ல ஏற்பாடு! ஆனால், அதற்கு மகளிர் குழுவினர் நிதி திரட்டினர். ஒமாகாவிலோ பிள்ளைகளே கை நீட்டித் தந்தனர். ஆகவே, நம் நெஞ்சில் முதலில் எழுவது மகிழ்ச்சியே. ஊரார் உண்டியல்களில் கடவுளின் பெயரால் காசு குவிவதையே கண்டு சலித்த கண்களுக்கு இது குளிர்ச்சி அன்றோ!

எனினும் தோழர்களே, எந்தப் பிள்ளைகள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

அதே திடலில் ஆகசுட்டுத் திங்கள் முதல், முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த பழங்குடி மக்கள் ஐந்நூறு பேருக்குமேல் குடியமர்த்தப்பட்டனர். அதற்கு அமெரிக்க அரசு தந்த தொகை 40,000 டாலர். அவர்தம் குடில்களையும் கைத்தொழில்களையும் காட்டவேண்டும் என்பது சேம்சு மூனி என்னும் ஆய்வாளரின் திட்டம். கூட்டமோ போலிப் போரைக் கண்டு கைதட்டிற்று. அப்பாச்சி வீரர் ஜெரோனிமோ போர்க்கைதியாகவே அங்குக் கொண்டுவரப்பட்டார். பெற்றோருடன் கூடாரத்தில் இருந்த சிறுவர்களும் காட்சிப் பொருளாயினர். ஒரு புறம் மன்றம் கட்டிய பிள்ளைகள். மறு புறம் வேடிக்கையான பிள்ளைகள். திடல் ஒன்றுதான்!

இன்னும் ஒன்று. ஒமாகா அடங்கிய அதே நெபுராசுக்கா மாநிலத்தில், ஜெனோவா என்னும் ஊரில், 1884இல் அரசே ஒரு பழங்குடிப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது. தாய்மொழி பேசத் தடை விதிக்கப்பட்டது. அவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. அவர்கள் மொழிக்கு அந்தப் பள்ளியில் ஒரு பெஞ்சுகூட இல்லை. 'நாகரிகம்' என்று அதற்குப் பெயர் சூட்டினர்! பிள்ளைகளின் ஈகையைப் புகழ்ந்தெழுதுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது. காசு தந்த சிறுவர்மீது நாம் குறை காணவில்லை. அவர்களுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என முடிவு செய்த பெரியோர்மீதே குறை.

மரச்சட்டத்தின்மேல் சாந்து பூசிய தோற்றங்களே அந்த மாளிகைகள். விழா முடிந்தபின் அவை இடிக்கப்பட்டன. பிள்ளைகளின் கட்டடமும் தப்பவில்லை. ஜெனோவாப் பள்ளி 1934 வரை நடந்தது.