படம் முடிந்தபின் எழும் பேச்சு

ஆவணப்படங்களைப் பற்றி நம்மவர் எழுதும் மதிப்புரைகளுட் பல, ஒளிப்பதிவையும் இசையையும் பாராட்டிய அளவில் நின்றுவிடுகின்றன. கதைப்படத்திற்கு அது போதும் போலும். ஊராரைக் கூட்டிச் சமுதாயச் சிக்கலொன்றைக் காட்டும் படத்திற்கோ வேறோர் அளவுகோல் வேண்டும். மண்டபத்தில் விளக்கெரிந்தபின் பார்த்தவர் வாய்திறந்தனரா என்பதே அது.

இம்மண்ணில் இத்தகு காட்சிகள் புதியன அல்ல. 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவின் படங்களை, அவசரகாலத்தில் (1948-1960) தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டு சென்றன. விளக்கவுரை தமிழிலும் ஒலித்தது. தொழில்நுட்ப நோக்கில் அவற்றுட் சில செம்மையானவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆட்சியாளர் உரைத்தனர்; குடிகள் கேட்டனர். தொழிலாளியின் முகம் திரையில் இருந்தது. குரலோ முகங்காட்டா உரையாளருடையது. வினாவையும் விடையையும் ஒலிபெருக்கியே வழங்கிவிட்டால் கேட்பவர்க்கு எஞ்சுவது யாது?

சயாம்-பர்மா மரண ரயில்பாதை பற்றிய ஆவணப்படங்களை இதனோடு ஒப்பிடலாம். 1942-43இல் சப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் வழியாக மாணவர் இதனை அறிவர். புதினத்தைத் தனித்திருந்து படிக்கிறோம். படத்தையோ கூடியிருந்து பார்க்கிறோம். லாபிஸ், குளுவாங் போன்ற ஊர்களின் தோட்டவழி வந்தோர் அவையில், திரையில் ஒரு முதியவர் பேசினால், ‘எங்கள் தாத்தாவும் போனார், திரும்பவில்லை’ என்று ஒருவரேனும் சொல்லக்கூடும். அச்சொல் எந்த நூலிலும் இல்லாதது. அதற்கு இடம் விடாமல் விளக்கவுரையால் நிரப்பும் படத்தை நான் குறைபாடுடையதென்றே மதிப்பேன்.

இத்தகைய பேச்சுக்கு விலையும் உண்டு. ஈழப்போரின் இறுதி மாதங்களைக் காட்டும் ‘நோ ஃபையர் ஸோன்’ என்னும் கெல்லம் மெக்ரேயின் படத்தைப் புசாட் கோமாஸ் அமைப்பு 3-7-2013 அன்று கோலாலம்பூரில் திரையிட்டது. தணிக்கைச் சான்றின்றிக் காட்டியதாக அதன் பணியாளர் லீனா ஹென்ட்ரி மீது 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வழக்குத் தொடரப்பட்டது. கீழ்மன்றம் 2016இல் விடுவித்தும் வழக்கு மீண்டது. 2017இல் 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. சட்டமோ மூன்றாண்டுச் சிறைக்கும் இடந்தருகிறது. தமிழர் துயரைப் பற்றிய படத்திற்காக நிகழ்ந்த இவ்வழக்கை நம் இலக்கிய மேடைகள் எத்துணை முறை பேசின? எவருக்கும் நோகாத படங்களையே சங்கங்கள் தேர்ந்துகொள்வதற்கு அச்சம் ஒரு காரணம். அதனை நான் எள்ள மாட்டேன்; பள்ளி மண்டபத்தின் திறவுகோலை வைத்திருப்பவனுக்கு அது விளங்கும்.

ஆனால் அச்சத்தின்மேல் மட்டும் பழியைப் போட இயலாது. சான்று பெற்ற படத்திற்குப் பின்னும் பேச்சு எழுவதில்லையே! தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை என வரிசை நீள, அவையோர் கடிகாரத்தை நோக்குகின்றனர். பின்வரிசைப் பெண்களை எவரும் வினவுவதில்லை. படத்தை எடுத்தவர் யார், எவர் பொருளால் எடுத்தார், எவரைக் காட்டாது விட்டார் என்னும் வினாக்கள் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் எட்டக்கூடியவை. அவற்றை முதலிற் கேட்கவிட்டு, உரைகளைப் பின்னுக்குத் தள்ளலாம். பொன்னாடையைப் படம் தொடங்குமுன்னரே போர்த்திவிடலாம். அப்போது அவையில் ஆளும் நிறைந்திருக்கும்.