கிட்வுட்டின் ‘ஈடுபாடு’: மறதிநோயர் இல்லச் செயல்பாடுகள் குறித்த ஒரு திறனாய்வு

பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட ‘டிமென்ஷியா ரீகன்சிடர்ட்’ என்னும் நூல், மறதிநோயை மூளைச் சிதைவாக மட்டும் காணும் போக்கை மறுத்தது. ஒருவரது ஆள்தன்மை அவருடைய நினைவாற்றலில் மட்டும் தங்கியிருப்பதன்று. சுற்றியிருப்போர் அவருக்கு அளிக்கும் மதிப்பிலும் அது நிலைபெறுகிறது என்பது அவரது கொள்கை. ஆறுதல், பிணைப்பு, உட்படுத்தல், ஈடுபாடு, அடையாளம் ஆகிய ஐந்து தேவைகளை வகுத்து, அவற்றின் நடுவில் அன்பை வைத்தார்.

இவற்றுள் மிகுதியும் திரிபுற்றது ஈடுபாடே. தமக்குப் பொருளுள்ள வகையில் ஒருவர் வாழ்வில் பங்கேற்பதையே கிட்வுட் அச்சொல்லால் குறித்தார். துணி மடிப்பதும் மேசை துடைப்பதும் அதில் அடங்கும். பராமரிப்பு இல்லங்கள் பலவற்றில் அது நாள்நிரலில் ஒரு கட்டமாகச் சுருங்கியது. (‘மறதிநோய்’ என்னும் தமிழ் வழக்கும் இழந்ததையே முன்னிறுத்துகிறது, கைப்பழக்கமும் இசையுணர்வும் எஞ்சியிருப்பதை அச்சொல் காட்டுவதில்லை.)

தனிநபர் விருப்பத்திற்கேற்ற செயல்பாடுகள் பயன் தருகின்றனவா என்பதற்குச் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. இங்கிலாந்தில் 69 இல்லங்களில் நிகழ்த்தப்பட்டு 2018இல் வெளியான ‘வெல்ட்’ ஆய்வில், நபர்மையப் பராமரிப்பும் உரையாடலும் இணைந்த முறை வாழ்க்கைத்தரத்தை உயர்த்தியது, மனக்கிளர்ச்சியைக் குறைத்தது. அதே ஆண்டின் காக்ரேன் மீளாய்வோ 8 ஆய்வுகளையும் 957 பேரையும் கருத்தில் கொண்டு, நடத்தைச் சிக்கல்கள் சிறிதளவு குறையக்கூடும் என்ற அளவிலேயே நின்றது. அதில் இடம்பெற்ற ஓர் ஆய்வில் பிறர் மதிப்பீட்டின்படி வாழ்க்கைத்தரம் சற்றுக் குறைந்திருந்தது. நோயரே அளித்த மதிப்பீட்டில் வேறுபாடு இல்லை அல்லது மிகச் சிறிது.

சிக்கலின் மையம் இதுவே. ‘வெல்ட்’ ஆய்வின் முதன்மை அளவுகோலும் பிறர் வழியாகப் பெற்ற மதிப்பீடே. நோயரின் ஆள்தன்மையை மீட்க எழுந்த முறையின் வெற்றியை, அவரல்லாத ஒருவரின் கண் கொண்டு அளப்பது கிட்வுட்டின் கொள்கைக்கே முரணாகும். கிட்வுட் வகுத்த ‘டிமென்ஷியா கேர் மேப்பிங்’ முறை, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நோயரின் நிலையை உற்றுநோக்கிப் பதிவதன் மூலம் இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றது. ஆயினும் பதிவதும் வகைப்படுத்துவதும் பார்வையாளரே.

வாழ்க்கை வரலாற்றைத் திரட்டிச் செயல்பாட்டைத் தேர்வதிலும் இதே இடர் உண்டு. முன்னாள் ஆசிரியருக்குச் சுண்ணக்கட்டியை நீட்டுவோர், பணியிலிருந்து விடுபட்டதில் அவர் மகிழ்ந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. கிட்வுட்டின் ஐந்து தேவைகளுள் மறுத்தலுக்குத் தனியிடம் இல்லை. நீட்டிய சுண்ணக்கட்டியை அவர் தள்ளிவிட்டால், அது நடத்தைச் சிக்கலாகவே கணக்கில் ஏறக்கூடும்.