பந்தயமும் மதிலும்: செல்வம், தனிமை, ஞானம் பற்றிய சில கதைகள்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் 1957-இல் அமைந்த மிளகு வணிகச் சங்கம், பின்னொரு மாதத்தில் கைமாற வேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேர வணிகத்தால் உலகச் சந்தைகளில் பெயர்பெற்றது. ஊகம் பலித்தால் பொருள் சேரும், பொய்த்தால் கிடங்கே கைவிட்டுப் போகும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்த அவ்வூர் வாசகருக்கு, ஆண்டன் செகாவின் ‘பந்தயம்’ அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது. ஏனெனில் அதில் வரும் வங்கியரை வீழ்த்துவதும் பங்குச்சந்தை ஊகமே. பந்தயம் கட்டிய இரவில் இருபது லட்சம் ரூபிள் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அதே தொகை அவரை ஓட்டாண்டியாக்கிவிடும்.

1889-இன் தொடக்கத்தில் ரஷ்ய நாளேடு ஒன்றில் வெளிவந்த அக்கதையில், மரண தண்டனையா ஆயுள் தண்டனையா எது கொடிது என்ற விருந்து வாதம் முற்றி, இருபத்தைந்து வயது வழக்கறிஞர் ஒருவர் தாமாகவே பதினைந்து ஆண்டுத் தனிமையை ஏற்று, வங்கியரின் தோட்ட விடுதியில் அடைபடுகிறார். புத்தகம், இசைக்கருவி, மது, புகையிலை எல்லாம் கிடைக்கும். மனிதக் குரலும் மனித முகமும் மட்டும் கிடையா. முதலில் பொழுதுபோக்கு நாவல்கள், பின்னர் செவ்வியல் நூல்கள், ஆறாம் ஆண்டு முதல் மொழிகளும் தத்துவமும் வரலாறும், பத்தாம் ஆண்டுக்குப் பின் நற்செய்தி நூல் என்று அவருடைய வாசிப்பு நகர்கிறது. இறுதியில் உலகின் செல்வத்தையும் அறிவையும் ஒருசேர இகழ்ந்து கடிதம் எழுதிவைத்துவிட்டு, கெடு முடிய ஐந்து மணிநேரம் இருக்கையில் வெளியேறி, வென்றிருக்க வேண்டிய பணத்தை அவரே இழந்துகொள்கிறார்.

இதைத் துறவின் வெற்றியாக வாசிப்பது எளிது. கதை அதற்கு முழுதும் இடம்கொடுப்பதில்லை. ஆறு மொழிகளில் தாம் எழுதிய வரிகளை அம்மொழி அறிந்தோரிடம் காட்டி, பிழை ஒன்றும் இல்லையெனில் தோட்டத்தில் துப்பாக்கியால் சுடுமாறு கைதி ஒருமுறை வேண்டுகிறார். இரண்டு வெடிகள் கேட்கின்றன. பதினைந்து ஆண்டுகளில் வெளியுலகம் அவருக்கு அளித்த மறுமொழி அது ஒன்றே. அதன்பின் மனிதர் எவருடைய குரலும் குறுக்கிடாமல் வளர்ந்த அறிவு, மனிதர் அனைவர் மீதும் வெறுப்பாகத் திரள்வதில் வியப்பில்லை. முதற்பதிப்பில் மூன்றாம் பகுதி ஒன்றும் இருந்தது: ஓராண்டு கழித்து வழக்கறிஞர் திரும்பிவந்து, துறந்தது தவறென ஒப்புக்கொண்டு பணம் கேட்கிறார். இப்பகுதியைச் செகாவ் 1901-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டார். இடைப்பட்ட 1890-இல் அவர் சாகலின் தீவுக்குச் சென்று உண்மையான கைதிகளை ஆயிரக்கணக்கில் சந்தித்திருந்தார் என்பதும், திரும்பும் வழியில் கொழும்பில் தங்கினார் என்பதும் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளத் தக்கவை. நீக்கிய பகுதியையும் சேர்த்து வாசிக்கையில், கைதியின் ஞானத்தை ஆசிரியரே நெடுங்காலம் ஐயுற்றிருந்தார் என்று கொள்ள இடமுண்டு.

செகாவின் கைதிக்கு மலையாளத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த மறுமொழி வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதில்கள்’ என்னும் குறுநாவல். விடுதலைப் போராட்டக் காலத்தில் திருவனந்தபுரம் மத்திய சிறையில் தாம் இருந்த அனுபவத்தை அடியொற்றிய இந்நூலில், உடனிருந்த அரசியல் கைதிகள் விடுதலையாகிவிட, கதைசொல்லி மட்டும் எஞ்சுகிறார். அவர் அங்கே தோட்டம் வளர்க்கிறார். மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறையிலிருந்து நாராயணி என்பவளின் குரல் கேட்கிறது. முகம் காணாமலே உறவு வளர்கிறது. அவள் அங்கு நிற்பதற்கு அடையாளமாக மதிலுக்கு மேலே ஒரு சுள்ளி எழும்பும். தோட்டத்தில் ஒலித்த துப்பாக்கி வெடியும் வானில் எழும்பும் சுள்ளியும் ஒரே பசியிலிருந்து பிறந்தவை. ஆனால் முன்னதில் கைதி கேட்டது தன் புலமைக்குச் சான்று, பின்னதில் கேட்டது இன்னொருவரின் இருப்பு. ஆகவேதான் பஷீரின் கைதிக்குத் தனிமை உலக வெறுப்பைக் கற்பிக்கவில்லை. இருவரும் சந்திக்கக் குறித்த நாளை எட்டுமுன் விடுதலை ஆணை வரும்போது, அந்த விடுதலையே அவருக்குப் பாரமாகிறது. செகாவின் கதையைவிட ஆழமாகச் செல்வது இந்நூல் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

செல்வமும் ஞானமும் தமக்குள் கொள்ளும் உறவைப் பஷீரின் ‘உலகப் புகழ்பெற்ற மூக்கு’ (1954) வேறு திசையிலிருந்து அணுகுகிறது. எழுத்தறியாத சமையற்காரன் ஒருவனின் மூக்கு நீண்டு, அதைக் காணக் கூட்டம் திரண்டு, அவன் செல்வந்தனானதும், உலக விவகாரங்கள் குறித்து அவனிடமே கருத்துக் கேட்கத் தொடங்குகின்றனர். பணம் சேர்ந்த இடத்தில் அறிவும் சேர்ந்திருப்பதாக நம்பும் சமூகத்தின் மீதான விமர்சனம் அது.

தமிழில் இவ்வரிசையில் வைக்கத்தக்கது ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’. 2011-இல் வெளிவந்த ‘அறம்’ தொகுப்பில் உள்ள கதை. திருவனந்தபுரத்தில் உணவுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப், உண்டவர் பெட்டியில் என்ன போட்டார், போட்டாரா என்பதைப் பார்ப்பதே இல்லை. அதிகம் பேசாத, தமக்குள் ஒடுங்கிய மனிதர். பசித்த நாட்களில் அங்கே உண்ட ஏழை மாணவன் பின்னாளில் வேலைக்குச் சென்று, சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து பெட்டியில் இட்டபோதும் அவர் நிமிரவில்லை, வழக்கம்போலவே பரிமாறுகிறார். பணத்தை இகழ்ந்து நீண்ட கடிதம் எழுதிய வழக்கறிஞரின் மனத்தில் பணம் கடைசிவரை இருந்தது. அக்கடிதத்தை வங்கியர் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பதோடு செகாவின் கதை முடிகிறது. உலகைத் துறந்தவரின் சொல்லும் கடைசியில் செல்வரின் உடைமையாகிறது. சாகிபின் பெட்டிக்கோ பூட்டும் கணக்கும் ஒரு பொருட்டில்லை. அவர் கையால் உண்ட மாணவன், முன்பு சோற்றுக்குக் கணக்குப் பார்த்துத் தன்னை அவமதித்த மாமியின் மகளையே மணக்க முடிவுசெய்கிறான்.