ஹோல்ட்டின் செல்லோவும் எங்கள் வீட்டு ஆழாக்கும்

போன மாதம் தெரிந்த ஒருவர் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தார். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு, வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே செய்யக்கூடிய வேலைகள். எல்லாமே 'குழந்தையின் போக்கில்' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே பார்த்தால் திங்கள் பருப்பு பிரித்தல், செவ்வாய் தண்ணீர் ஊற்றுதல், புதன் இலை பொறுக்குதல். கிழமை போட்டு அட்டவணை கொடுத்த பிறகு குழந்தையின் போக்கு எங்கே வந்தது? அந்த எரிச்சலில்தான், இந்தப் பேச்சுக்கெல்லாம் முக்கியமான ஒரு மூலமாக இருக்கிற புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஜான் ஹோல்ட் 1967-இல் எழுதிய 'ஹவ் சில்ட்ரன் லேர்ன்'. என்னிடம் இருப்பது 1983-இல் அவரே திருத்தி விரித்த பதிப்பு.

ஹோல்ட் கல்வித்துறைப் பட்டம் வாங்கியவர் அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர், பிறகு பள்ளி ஆசிரியர். 1964-இல் வந்த முதல் புத்தகம் வகுப்பறையில் குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள் என்பதைப் பற்றியது. இரண்டாவதில் வகுப்பறையை விட்டுப் பெரும்பாலும் வெளியே வந்துவிடுகிறார். நண்பர்கள், உறவினர்கள் வீட்டுச் சின்னக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, பார்த்ததை அப்படியே எழுதுகிறார். கோட்பாடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பார்க்கிறார், எழுதுகிறார், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் செல்லோ. வயலினின் பெரியண்ணன் மாதிரி, காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கிற வாத்தியம். ஹோல்ட் அதைக் குழந்தைகள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். குழந்தை வில்லைக் கன்னாபின்னாவென்று இழுக்கிறது, இன்னொரு கை தந்தி மேல் ஏறி இறங்குகிறது. ஒரே இரைச்சல். வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்தால் 'முதல்ல வில்லைப் பிடிக்கிறது எப்படின்னு பாரு' என்று ஆரம்பித்திருப்பார். ஹோல்ட் ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதைச் செய்தால் எது மாறுகிறது என்று குழந்தை தானே பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது. பெரியவர்கள் குழப்பத்தைக் குறைத்துக்கொண்டுதான் யோசிக்கத் தொடங்குவோம். குழந்தை குழப்பத்துக்குள் இறங்கி அங்கிருந்தே ஒழுங்கைப் பிடிக்கிறது என்கிறார். இந்தப் பகுதிக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். அந்த பிடிஎஃப்காரரிடம் இது கிடைத்திருந்தால் 'வியாழன்: தந்தி வாத்தியம், 20 நிமிடம்' என்று போட்டிருப்பார்.

ஹோல்ட்டிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வை. நாம் எடுத்துக்கொண்டது சாமான்களின் பட்டியலை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை ஆழாக்கும் படியும் இருக்கின்றன. மகளுக்கு நாலு வயது. காலையில் நான் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆழாக்கால் அள்ளிப் படியில் போடுவாள், சிந்துவாள், கவிழ்ப்பாள், திரும்ப அள்ளுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் படி சரியாக விளிம்பு தட்டியதைப் பார்த்து அப்படியே நிறுத்தினாள். கையால் மேலே தடவிப் பார்த்தாள். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆஹா, கணக்கு வந்துவிட்டது என்று எனக்குக் கை பரபரத்தது. "எத்தனை ஆழாக்கு போட்ட? எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றேன். அதுவரை படியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "அஞ்சு... சரியாம்மா?" என்றாள். மறுநாள் கூப்பிட்டேன், "வேணாம்மா" என்று போய்விட்டாள். ரெண்டு வாரம் அந்த ஆழாக்கைத் தொடவே இல்லை.

கேட்காமல் கற்றுக்கொடுப்பதைப் பற்றி ஹோல்ட் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அவர் இறந்த பின் 1989-இல் வந்த 'லேர்னிங் ஆல் த டைம்' நூலில் இது விரிவாக உண்டு. நான் அதை ஏற்கனவே படித்திருந்தேன் என்பதுதான் கொடுமை. திருத்திய பதிப்பில் அவர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். பழைய வரிகளை அழிக்கவில்லை. நடுநடுவே புதிய குறிப்புகளைச் சேர்த்து, பதினாறு வருஷத்துக்கு முந்தைய தன்னோடு பேசுகிறார், சில இடங்களில் மறுக்கிறார். தன் தப்பை அழித்துவிட்டு எழுதுகிறவர்களே அதிகம் இருக்கிற துறையில் இது சாதாரணம் இல்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகும் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள், வீடு இல்லை. ஹோல்ட் திருமணம் செய்துகொள்ளவில்லை, குழந்தையும் இல்லை. அவர் வந்து போகிற மாமா. சிந்திய அரிசியைப் பெருக்க வேண்டியதில்லை, உலை கொதிக்கிறதே என்று எழுந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை அவருக்குக் குணமாக இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பொறுமைக்கு வேண்டிய நேரத்தை வேறு யாரோ சமையலறையில் நின்று அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ பற்றிப் புத்தகத்தில் தேடினால் அதிகம் கிடைக்காது.

சரி, ஹோல்ட் இப்படி என்றால், அந்த பிடிஎஃப்பில் வருகிற தண்ணீர் ஊற்றுதல், பொத்தான் போடுதல் எல்லாம் எங்கிருந்து வந்தன? மரியா மாண்டிசோரியிடமிருந்து. 1939-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போரினால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர், கொடைக்கானலில் இருந்தவர். நமக்கு அந்நியர் இல்லை. ஆனால் அவருடைய முதல் 'குழந்தைகள் இல்லம்' 1907-இல் ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் ஏன் திறக்கப்பட்டது? பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனதால், பகலில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாததால். தாயின் வேலையில் ஒரு பங்கைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று மாண்டிசோரியே பேசினார். அம்மா வீட்டில் இல்லாத நேரத்துக்காகத் தொடங்கிய இடத்தில் வளர்ந்த பயிற்சியை, இன்றைக்கு அம்மா வீட்டிலேயே இருந்து, தட்டுத் தட்டாக அடுக்கி, போட்டோ எடுத்துப் போட வேண்டிய கடமையாக மாற்றியிருக்கிறோம். வீட்டுக்கல்வி பற்றி நம் ஊரில் நடக்கிற பேச்சில் 'பெற்றோர்' என்று எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் 'அம்மா' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், பொருள் மாறாது. எங்க வீட்டிலும் அப்படித்தான், அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஹோல்ட்டின் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1977-இல் அவர் 'க்ரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தவர்களின் கடிதங்கள் நிறைய வந்தன. புத்தகத்தில் விட்டுப்போன வீடு ஓரளவு அங்கேதான் கிடைக்கிறது. அவர் 1985-இல் இறந்த பிறகும் 2001 வரை அந்தப் பத்திரிகை வந்தது.

நம் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினாலு வரைக்கும்தான். அதற்குக் கீழே சட்டத்தின் அவசரம் எதுவும் இல்லை, எல்கேஜி விண்ணப்ப வரிசையின் அவசரம்தான். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறவர்கள் ஹோல்ட்டைப் படிக்கலாம். வாங்கினால் 1983 பதிப்பையே வாங்குங்கள், 1967 பதிப்பில் அவர் தன்னை மறுக்கிற குறிப்புகள் இருக்காது. வீட்டில் இருக்கிற இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஆழாக்கு இப்போது கோலமாவு டப்பாவில் கிடக்கிறது. அதைக் கவிழ்த்து வாசலில் வட்டம் வட்டமாக அச்சு போடுகிறாள். நான் எண்ணச் சொல்லவில்லை. மாவு வீணாகிறதே என்று மட்டும் வாயில் வந்துவிட்டது.