பெட்டியின் கதையில் கிரேனுக்கு எவ்வளவு இடம்?

மார்க் லெவின்சனின் 'தி பாக்ஸ்' புத்தகத்தை இந்த வாரம் இரண்டாவது தடவையாகப் படித்து முடித்தேன். 2006-ல் வந்தது. கன்டெய்னர் என்ற சாதாரண உலோகப் பெட்டி உலக வர்த்தகத்தை எப்படி மாற்றியது என்பதைச் சொல்லும் நல்ல புத்தகம். முதல் தடவை கதை இழுத்துக்கொண்டு போனது. இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன்: ஒரு துறைமுகம் எந்த வகை கிரேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அதற்கான விடை இந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆசிரியர் அதை வேறு தலைப்பில் போட்டுவிட்டார் என்பதுதான் என் குறை.

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. 1956 ஏப்ரல் 26-ம் தேதி 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்தில் உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. ஐடியல் எக்ஸில் ஏற்ற 15.8 சென்ட்தான் ஆனது என்று முதலாளி மால்கம் மெக்லீனின் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

எங்கள் மென்பொருள் தொழிலில் இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் முதல் கேள்வி, "பெஞ்ச்மார்க் எடுத்தது யார்?" என்பதுதான். இங்கே எடுத்தது விற்பவர். அது போகட்டும். பெட்டியைத் தூக்கியது எது? பென்சில்வேனியாவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் அதிகம் வேலையில்லாமல் நின்ற பெரிய சுழல் கிரேன்கள். அவற்றை உயரம் குறைத்து, மாற்றிக் கட்டி, நியூவார்க்குக்கும் ஹூஸ்டனுக்கும் கொண்டுபோனார்கள். கிரேனின் செலவு என்பது அது எத்தனை பெட்டி தூக்குகிறது என்பதைப் பொறுத்தது. வாரத்துக்கு 50 பெட்டி தூக்கினாலும் 2,000 பெட்டி தூக்கினாலும் வாங்கிய கடனுக்கு வட்டி ஒன்றுதான். இது தெரியாமல் டன்னுக்கு இத்தனை சென்ட் என்று சொன்னால் பாதிக் கணக்குதான் கையில் இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1957-ல் மெக்லீனின் நிறுவனம் (பிற்பாடு சீ-லேண்ட் ஆனது) 'கேட்வே சிட்டி' என்ற கப்பலை 226 பெட்டி ஏற்றும்படி மாற்றியது. கிரேன்களைக் கப்பல் மேலேயே வைத்துவிட்டார்கள். அதே சமயம் அமெரிக்காவின் இன்னொரு கரையில் மேட்சன் நிறுவனம் நேர் எதிராக முடிவெடுத்தது. ஃபாஸ்டர் வெல்டன் என்ற ஆய்வாளரை அமர்த்தி, சரக்குப் போக்குவரத்தையெல்லாம் அலசி, கிரேன் கரையில்தான் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1959 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அலமீடாவில் பசெகோ கட்டிய கேன்ட்ரி கிரேன் வேலைக்கு வந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை 40,000 பவுண்டுப் பெட்டியைத் தூக்கும். இன்றைக்கு நாம் துறைமுகத்தில் பார்க்கும் ராட்சத கேன்ட்ரிகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

ஏன் இப்படி இரண்டு முடிவு? லெவின்சன் இதை மனிதர்களின் சுபாவமாகவே அதிகம் பார்க்கிறார். மெக்லீன் அவசரக்காரர், துணிந்து இறங்குபவர். மேட்சன் நிதானமான பழைய நிறுவனம், ஆராய்ந்துவிட்டுத்தான் அடியெடுத்து வைக்கும். வாசிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் வழித்தடத்தைப் பார்த்தால் சுபாவத்துக்கு அவ்வளவு வேலையே இல்லை.

மேட்சன் ஓடியது கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே. அதே சில துறைமுகங்கள், அதே கப்பல்கள், திரும்பத் திரும்ப. அங்கே கரையில் கிரேன் நட்டால் அதற்குத் தினமும் சோறு போட முடியும். மெக்லீனுக்கோ மயாமி, டாம்பா, ஹூஸ்டன், சான் ஹுவான் என்று ஊர் ஊராக நிற்க வேண்டும். பெட்டி தூக்கும் கிரேன் எங்கேயும் தயாராக இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒன்று கட்டிவிட்டு, கப்பல் வரும்வரை சும்மா நிறுத்தி வைப்பதா? கிரேனையே கூடக் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். கப்பல் கிரேனுக்கும் விலை உண்டு: சரக்கு வைக்கும் இடத்தையும் எடையையும் தின்கிறது, நடுக்கடலில் ஓடும்போது வெறும் பாரம். இருந்தும் இரண்டு பேர் எடுத்த முடிவும் அவரவர்க்குச் சரி.

இன்னொரு சம்பவத்தையும் புத்தகம் சொல்கிறது. 1958-ல் சான் ஹுவானுக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தது. கிரேன் கப்பலிலேயே இருந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் இறக்க மறுத்துவிட்டார்கள். நான்கு மாதம் பேச்சுவார்த்தை நடந்து, 24 பேர் கொண்ட குழுக்களை வைத்துக்கொள்வதாக நிறுவனம் ஒத்துக்கொண்ட பிறகுதான் வேலை நடந்தது. ஆக, கிரேனை யார் இயக்குவது, யாருடைய வேலை போகிறது என்பதும் கிரேன் தேர்வின் ஒரு பகுதிதான். லெவின்சன் தொழிலாளர் விஷயத்துக்கு நிறைய இடம் கொடுக்கிறார், அதை மறுக்கவில்லை. அதைக் கிரேனோடு சேர்த்து முடிச்சுப் போடவில்லை.

இதெல்லாம் பழங்கதைதானே என்று தோன்றலாம். இன்றைக்கும் சிறிய துறைமுகம் ஒன்றுக்கு இதே கேள்விதான் வருகிறது. கேன்ட்ரி வேகமானது. பெட்டி நேர்கோட்டில் போய் வரும். ஆனால் தண்டவாளம், பலமான பெர்த், பெரிய மின் இணைப்பு எல்லாம் வேண்டும், பெட்டியைத் தவிர வேறெதற்கும் அவ்வளவாக உதவாது. கை எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்: பழைய பனாமா கால்வாயில் நுழையும் கப்பலில் குறுக்கே 13 வரிசை, இன்றைய மிகப் பெரிய கப்பலில் 24 வரிசை. டயரில் ஓடும் மொபைல் ஹார்பர் கிரேன் வட்டமடித்துத் தூக்குவதால் மெதுவானது. ஆனால் காலையில் பெட்டி, மதியம் கிராப் மாட்டி நிலக்கரி, சாயங்காலம் கொக்கியில் மரம் என்று எதையும் செய்யும். பெர்த் விட்டுப் பெர்த் நகரும். வாரத்துக்கு இரண்டு சின்னக் கப்பல் வரும் ஊருக்கு எது சரி என்று வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கிரேன் மணிக்கு 30 பெட்டி இறக்கி, யார்டு லாரிகள் 18 பெட்டிதான் எடுத்துப்போகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் துறைமுகத்தின் வேகம் 18தான்.

அதனால் புத்தகத்தைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் படிங்க. மெக்லீனும் மேட்சனும் வரும் அத்தியாயங்களை மட்டும் பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொண்டு படிங்க. எந்தக் கப்பல் எந்த ஊரில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், சுபாவம் என்று லெவின்சன் சொல்லும் பலதும் கணக்காகத் தெரிய ஆரம்பிக்கும்.