மன்னிப்புக் கேட்டதும் முடிந்துவிடும் கதை

ஜூலை பிறந்தால் நம் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளின் கட்டுரை ஏடுகளில் ஒரு கதை வரத் தொடங்கிவிடும். ஆசிரியராக இருந்தால் திருத்தியிருப்பீங்க, மாணவராக இருந்தால் எழுதியிருப்பீங்க. ஒரு தமிழ்ப் பிள்ளையை வகுப்பில் ஒருவன் கேலி செய்கிறான். நிறத்தைச் சொல்லியோ, தலையில் வைத்த எண்ணெயைச் சொல்லியோ, கொண்டுவந்த சாப்பாட்டின் வாசனையைச் சொல்லியோ சிரிக்கிறான். பிள்ளை அழுகிறது. சில நாள் கழித்துக் கேலி செய்தவன் படிக்கட்டில் தடுக்கி விழுகிறான். அழுத பிள்ளைதான் ஓடிப்போய்த் தூக்குகிறது. அவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறான், ஆசிரியர் இருவரையும் பாராட்டுகிறார், கடைசி வரியில் இருவரும் முறுக்கைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள்.

இதை மாதிரிக் கட்டுரையாகப் பார்க்காமல், ஒரு கதையாக எடுத்து விமர்சித்துப் பார்ப்போமே.

முதலில் அந்தப் படிக்கட்டு. கேலி செய்தவன் விழாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதையிடம் பதில் இல்லை. ஏனென்றால் இந்தக் கதையில் நியாயம் கிடைப்பதே விபத்தினால்தான். அதைவிட மோசம், நல்லது செய்யும் வேலையும் காயப்பட்ட பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. தப்பு செய்தவன் திருந்த வேண்டுமென்றால், அடிபட்டவன் முதலில் தன்னை நல்லவன் என்று காட்ட வேண்டும். அதாவது, கேலி செய்யப்படாமல் இருக்கும் உரிமையை அவன் சம்பாதிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் மனப்பாடமாக ஏற்றுவது இதைத்தான்.

அடுத்து, கூடச் சிரித்தவர்கள். கதையில் அவர்களே இல்லை. ஆனால் வகுப்பறையில் வலிப்பது பெரும்பாலும் கேலி செய்தவனின் ஒரு வார்த்தை அல்ல. அதைக் கேட்டுப் பக்கத்திலிருந்த நான்கு பேர் சிரித்தார்களே, அதுதான் வலிக்கும். நேற்றுவரை நண்பனாக இருந்தவன் அந்த நால்வரில் ஒருவனாக இருந்தால் இன்னும் வலிக்கும். ஆசிரியரும் கடைசிப் பத்தியில் பாராட்ட மட்டுமே வருகிறார். அதுவரை எங்கே இருந்தார் என்று எந்த மாணவரும் எழுதுவதில்லை. எழுதினால் நமக்குப் பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும்!

மூன்றாவது, அழுகை. அது ஒரே வரிதான். ‘அனலிலிட்ட மெழுகு போல’ என்று ஓர் உவமைத்தொடர், பக்கத்தில் நம்முடைய சிவப்பு மையில் ஒரு சரி. அடுத்த வரியில் சில நாள் கழிந்துவிடுகிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கிண்ட வேண்டும், எழுதப் பழகும் பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொஞ்சம் பாருங்க. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. 40 பேர் கொண்ட வகுப்பில் சராசரியாக மூன்று நான்கு பேர். அவர்களிலும் சிலர் இந்தி, பஞ்சாபி, உருது, வங்காளம் என்று போய்விடுவார்கள். ஆகவே ஒரு வகுப்பில் தமிழ் எடுக்கும் பிள்ளை ஒன்றே ஒன்றாக இருப்பது அதிசயமில்லை. யாழினி, கயல்விழி, எழிலன் என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இரண்டு எழுத்து போடுகிறோம். வகுப்பில் அது ‘யாஸ்ஹினி’ ஆகிறது. முதல் வாரம் திருத்திய பிள்ளை மூன்றாம் வாரம் திருத்துவதை விட்டுவிடுகிறது. தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை, அதனால் அப்படியொரு நாள் இருப்பதே வகுப்பில் பலருக்குத் தெரியாது. நேர்த்திக்கடன் செலுத்தி மொட்டைத் தலையோடு வரும் பையன் காலையிலிருந்து எத்தனை முறை விளக்கம் சொல்வான்? எத்தனை பேர் தலையைத் தடவிப் பார்ப்பார்கள்?

அந்தப் பிள்ளை தன் வகுப்பறையை விட்டு எழுந்து தமிழ் வகுப்புக்கு நடந்து வருகிறது. பள்ளியில் தன் பெயர் சரியாக ஒலிக்கும் ஒரே அறை அதுவாக இருக்கலாம். அங்கே வந்ததும் நாம் ‘இன நல்லிணக்கம்’ என்று தலைப்புக் கொடுக்கிறோம், நடந்ததை விட்டுவிட்டுப் படிக்கட்டுக் கதையை எழுதச் சொல்கிறோம். உண்மையைச் சொல்லும் மொழி தமிழ் இல்லை, தமிழ் தேர்வுக்கான மொழி என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அந்த முடிவு இன்னும் சுலபம்.

அந்த நாளின் வரலாற்றையே நாம் முறுக்குக்குள் மறைத்துவிட்டோம். 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் ஒரு கலவரம். அதை மறக்கக்கூடாது என்றுதான் பள்ளிகளில் இந்த நாளே வந்தது. பாரம்பரிய உடை அணிவதும் கோலம் போடுவதும் தப்பு என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் பட்டுப்பாவாடை பெரிய சந்தோஷம், அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் உடை மாற்றுவது மட்டுமே நல்லிணக்கம் என்று கட்டுரைகள் சொல்லும்போது, இந்த நாள் பயத்திலிருந்து பிறந்தது என்பது தொடக்கநிலை 6 மாணவருக்குக்கூடத் தெரியாமல் போகிறது.

சரி, நம் அறையையும் பார்த்துக்கொள்வோம். தீபாவளிக் கட்டுரையில் ‘நாங்கள் அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம்’ என்று எழுதும் தமிழ் முஸ்லிம் பிள்ளையை, தமிழ்க் கிறிஸ்துவப் பிள்ளையைப் பார்த்திருக்கிறீங்களா? நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால், ‘அப்படித்தானே ஆசிரியர் எழுதணும்’ என்று பதில் வரும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மாணவரின் பேச்சுக்கு இங்கே பிறந்தவர்கள் சிரிப்பார்கள், இங்கே பிறந்தவரின் தமிழுக்கு வந்தவர் சிரிப்பார். இந்தச் சிரிப்பு எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை. கேலி செய்பவன் எப்போதும் வேறு இனத்தவன் என்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

தேர்வு எழுதப் போகும் மாணவர்களே, உங்கள் பயம் புரிகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தாய்மொழிக்கான 200 மதிப்பெண்ணில் கட்டுரைக்கு 40. மனப்பாடம் செய்த பத்தி கைகொடுக்கும், சொந்தமாக எழுதினால் பிழை வரும் என்று நினைக்கிறீங்க. பேசத் தயங்கும் பிள்ளைக்கு மாதிரிக் கட்டுரை ஒரு கைத்தடி, அதை நான் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்துப் பாருங்க, நானே எழுதிப் பார்த்தது:

‘அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் புரியாததுபோல் நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அம்மா தலைக்கு எண்ணெய் வைக்க வந்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன்.’

உவமை இல்லை, மரபுத்தொடர் இல்லை. தொடக்கநிலை 4 மாணவருக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. வாக்கியங்கள் சின்னவை, அதனால் பிழை வரும் இடமும் குறைவு. ஆனால் கருத்து இருக்கிறது, கருத்துக்கும் மதிப்பெண் உண்டு. வாய்மொழித் தேர்வின் 50 மதிப்பெண்ணிலும் இது உதவும். காணொளியைப் பார்த்து உரையாடும்போது ‘உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?’ என்று கேட்டால், ஒப்பிக்கும் பிள்ளை அடுத்த கேள்வியிலேயே நின்றுவிடும். நடந்ததைச் சொல்லும் பிள்ளை தட்டுத்தடுமாறியாவது தொடரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ‘உன் மனக்காயத்தை எழுது’ என்று தலைப்புக் கொடுத்துப் பிள்ளைகளைத் தோண்டாதீங்க. எழுத விரும்பாதவர் கற்பனையாக எழுதட்டும், வேறு யாருக்கோ நடந்ததாக எழுதட்டும். ஆனால் ஒரு பிள்ளை உண்மையை எழுதிவிட்டால், ஒற்றுப்பிழையை மட்டும் வட்டமிட்டு ஏட்டைத் திருப்பித் தராதீங்க. தமிழ் படிக்கத் தெரியாத வகுப்பாசிரியருக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. அந்தப் பள்ளியில் அதைப் படித்த பெரியவர் நீங்க ஒருவர்தான். பிள்ளையிடம் தனியாகப் பேசுங்க. வகுப்பாசிரியரிடம் சொல்லப் போவதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்க. தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரிடமும் போங்க. அந்த ஏட்டை மட்டும் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டாதீங்க.

அடுத்த ஜூலையில் இதே கதையைக் கொடுக்க வேண்டியிருந்தால், படிக்கட்டை எடுத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்க. யாரும் விழக்கூடாது, கூடச் சிரித்தவர்களில் ஒருவரையாவது பேச வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்க. பாதிப் பேர் முடிக்கத் தெரியாமல் நிற்பார்கள். நின்ற இடம்வரை திருத்தி, அதற்கு மதிப்பெண் போடுங்க.